திறப்பின் வாயிலில்: ‘பிரீச்’ திரைப்படம் பற்றிய ஓர் இறையியல் திறனாய்வு

குற்றவாளி யார் என்பதைக் கடைசிவரை மறைத்துவைப்பது உளவுக் கதைகளின் வழக்கம். 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிரீச்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் இவ்வழக்கத்தைத் தொடக்கத்திலேயே கைவிட்டுவிடுகிறது. எப்.பி.ஐ. எனப்படும் மத்தியப் புலனாய்வுத் துறையின் அதிகாரி ஒருவர் உளவுக் குற்றத்திற்காகக் கைதுசெய்யப்பட்டார் என்பதை 2001 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் ஜான் ஆஷ்கிராப்ட் செய்தியாளருக்கு அறிவித்த உண்மைக் காட்சியோடு படம் தொடங்குகிறது. முடிவு நமக்கு முன்னரே தெரிந்துவிடுகிறது.

ஆகவே, ‘இவர் பிடிபடுவாரா?’ என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை. வேறொரு வினாவே படம் முழுவதும் நம்மைத் தொடர்ந்து வருகிறது. நாள்தோறும் திருப்பலியில் முழந்தாளிட்ட ஒருவர், இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் நாட்டையும், தம் நாட்டை நம்பி வந்தவர்களையும் விற்றுவந்தது எவ்வாறு இயன்றது? ஆயர் பணியில் இருப்போரும் அப்பணிக்கு ஆயத்தமாகும் மாணவரும் இவ்வினாவைப் பிறருக்குரியது என்று ஒதுக்கிவிட இயலாது. பக்தியும் வஞ்சகமும் ஓருள்ளத்தில் குடியிருக்கக் கூடுமாயின், பக்தியை வளர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் எதனை வளர்க்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

1. வரலாறும் திரைக்கதையும்

ராபர்ட் ஹான்சன் 1944 இல் சிகாகோ நகரில் பிறந்தவர். காவல்துறை அலுவலர் ஒருவரின் மகன். 1976 இல் எப்.பி.ஐ. பணியில் சேர்ந்தார். மூன்றாண்டுகளுக்குள், 1979 இல், சோவியத் இராணுவ உளவுத்துறைக்குத் தாமாகவே முன்வந்து இரகசியங்களை விற்றார். சிறிது காலம் நிறுத்தி, 1985 இல் கே.ஜி.பி.யுடன் மீண்டும் தொடங்கினார். சோவியத் ஒன்றியம் மறைந்தபின் மீண்டும் ஓர் இடைவெளி. அதன்பின் ரஷ்ய உளவுத்துறையுடன் அதே வாணிகம். பணமும் வைரமும் கூலியாக வந்தன. ஆவணங்களைக் குப்பைப் பையில் சுற்றிப் பூங்காவின் நடைபாலத்தடியில் வைத்துவிட்டுச் செல்வது அவர் முறை. தம்மிடம் வாங்குவோருக்குங்கூட அவர் தம் பெயரையோ முகத்தையோ காட்டவில்லை. 2001 பிப்ரவரி 18 ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வர்ஜீனியா மாநிலத்துப் பூங்காவொன்றில் அவ்வாறு ஒரு பொதியை வைத்துத் திரும்புகையில் பிடிபட்டார். 15 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு 2002 இல் ஆயுள்தண்டனை பெற்றார். 2023 ஜூன் மாதம், கொலராடோ மாநிலத்துக் கடுங்காவல் சிறையில், தமது 79 ஆம் வயதில் இறந்தார்.

இந்நீண்ட வரலாற்றில் இறுதிச் சில வாரங்களை மட்டுமே இயக்குநர் பில்லி ரே தமது படத்திற்கு எடுத்துக்கொள்கிறார். பொய்ச் செய்திகளைப் புனைந்து தம் இதழையே ஏமாற்றிய செய்தியாளர் ஒருவரைப் பற்றி 2003 இல் படம் எடுத்தவர் இவர். நிறுவனம் ஒன்றின் நம்பிக்கையை உள்ளிருந்தே அரித்த மனிதரைக் காட்டுவதில் இவருக்குத் தனி ஈடுபாடு உண்டு எனலாம். ஹான்சனாகக் கிறிஸ் கூப்பர் நடிக்கிறார். அவருக்கு உதவியாளர் என்னும் பெயரில் அமர்த்தப்பட்டு அவரையே கண்காணிக்கும் இளைஞர் எரிக் ஓநீலாக ரயன் பிலிப்பி நடிக்கிறார். இளைஞரை ஏவும் மேலதிகாரி கேட் பரோஸ் என்னும் பாத்திரத்தில் லாரா லின்னி தோன்றுகிறார்.

ஓநீலுக்கு முதலில் முழு உண்மை சொல்லப்படுவதில்லை. ஹான்சனின் ஒழுக்கக்கேடு பற்றி விசாரிப்பதாக மட்டும் கூறி அனுப்புகின்றனர். ஆனால் அவர் காண்பது வேறு. கடுகடுப்பும் செருக்கும் உடையவராயினும், ஹான்சன் கூர்ந்த அறிவுடையவர், குடும்பத்தை நேசிப்பவர், செபமாலையை விடாதவர், இளைஞரின் ஆத்தும நலனில் அக்கறை காட்டுபவர். அவர் ஓநீலைத் திருப்பலிக்கு அழைத்துச் செல்கிறார், தம் வீட்டில் உணவருந்த அழைக்கிறார், செபிக்கும்படி வற்புறுத்துகிறார். இளைஞரின் மனம் மெல்ல அவர்பால் சாய்கிறது. நல்லவர் ஒருவரை நாம் வேட்டையாடுகிறோமோ என்று அவர் தம் மேலதிகாரியிடம் முறையிடும் வேளையில்தான் முழு உண்மை அவருக்குச் சொல்லப்படுகிறது.

படத்தின் நேர்மை இவ்வமைப்பில் உள்ளது. நாமும் ஓநீலோடு சேர்ந்து அம்மனிதரை மதிக்கத் தொடங்குகிறோம், பிறகுதான் அதிர்கிறோம். துப்பாக்கிச் சண்டையும் வாகனத் துரத்தலும் இங்கு இல்லை. குளிர்கால வெளிச்சம், அலுவலகத் தாழ்வாரம், பூட்டிய கதவு, ஒரு கைப்பை ஆகியவையே கருவிகள். ஹான்சனின் பையிலிருந்து ஒரு சிறு மின்னணுக் குறிப்பேட்டை எடுத்துப் படியெடுத்த ஓநீல், அதனைத் திரும்ப வைக்கும்போது எந்த உறையிலிருந்து எடுத்தோம் என்பதை மறந்து தடுமாறும் காட்சி, எந்தத் துரத்தலைக் காட்டிலும் நம் மூச்சை நிறுத்துகிறது.

2. வேடமா, பிளவா?

இத்தகைய மனிதரைக் கண்டவுடன் நம் நாவில் எழும் சொல் ‘மாயக்காரர்’ என்பதே. மலைப்பொழிவில் இயேசு பெருமான் பிறர் காணும்படி ஜெபிப்போரை அவ்வாறு அழைக்கிறார் (மத்தேயு 6). அதன் கிரேக்க மூலச்சொல் நாடக மேடையில் முகமூடி அணிந்து நடிப்பவரைக் குறிக்கும். நடிகருக்குத் தாம் அணிந்திருப்பது முகமூடி என்பது தெரியும். திரைக்குப் பின்னால் சென்றதும் அதனைக் கழற்றிவிடுவார்.

ஹான்சன் முகமூடியைக் கழற்றியதாகப் படத்தில் எங்கும் காட்டப்படவில்லை. யாரும் காணாத வேளையிலும் அவர் ஜெபிக்கிறார். கிறிஸ் கூப்பரின் நடிப்பில் ஜெபம் ஒருபோதும் நடிப்பாகத் தோன்றுவதில்லை. அங்கே ஒரு தாகம் தெரிகிறது. எளிதாகப் பொய்வேடம் என்று காட்டியிருந்தால், ‘நல்லவேளை, நாம் அத்தகையவர் அல்லர்’ என்று நாம் நிம்மதியாக எழுந்து சென்றிருப்போம். இயக்குநர் அந்நிம்மதியை நமக்கு அளிக்க மறுக்கிறார்.

இம்மனிதருக்குப் பொருந்தும் சொல்லை யாக்கோபின் நிருபத்தில் காண்கிறோம். ‘இருமனமுள்ளவன்’ என்று நம் திருமறை மொழிபெயர்க்கும் சொல் (யாக்கோபு 1:8; 4:8), கிரேக்கத்தில் ‘இரண்டு ஆத்துமா உடையவன்’ என்றே பொருள்படும். இருமனமுள்ளவனின் வாழ்வில் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி அறை. ஓரறையில் அவன் உண்மையாகவே ஜெபிக்கிறான். அடுத்த அறையில் உண்மையாகவே விற்கிறான். இரண்டு அறைகளுக்கும் இடையே கதவு இல்லை. ஹான்சனின் இல்லறத்திலும் இப்பிளவு இருந்தது. மனைவியைப் பெரிதும் போற்றியவரே, அவருடைய அந்தரங்கத்தை அவர் அறியாமலேயே நண்பர் ஒருவருக்குக் காட்டினார் என்பதும் பின்னர் வெளிப்பட்டது. காட்டிக்கொடுத்தல் நாட்டோடு நிற்கவில்லை.

இதனை ரோமச் சபையினரின் குறை என்று சீர்திருத்தச் சபையினராகிய நாம் கைகழுவிவிட இயலாது. ஹான்சன் லூத்தரன் குடும்பத்தில் வளர்ந்தவர். திருமணத்திற்குப் பின்னரே கத்தோலிக்கரானார். மேலும், அவர் சேர்ந்திருந்த ‘ஓப்புஸ் தேயி’ என்னும் அமைப்பு, 1928 இல் ஸ்பெயின் நாட்டில் தோன்றிய காலந்தொட்டு, அன்றாடத் தொழிலே இறைவனுக்கு அர்ப்பணிக்கப்பட வேண்டும் என்று போதித்துவந்த அமைப்பாகும். அலுவலக மேசையும் பலிபீடமும் பிரிக்கப்படலாகாது என்று கற்றவரே அவற்றை முழுதும் பிரித்துவைத்தார். போதனையில் குறைவில்லை. போதனை ஓர் அறைக்குள் நின்றுவிட்டது. நம் பிரசங்கங்களுக்கும் இது நேரிடாது என்று யார் உறுதி கூற வல்லார்?

3. தேடப்பட்டவரும் தேடியவரும்

ஹான்சனின் வரலாற்றில் பெருங்கசப்பான ஒரு முரண் உண்டு. துறைக்குள்ளிருந்து காட்டிக்கொடுத்தவர் யார் என்பதை ஆராயும் பொறுப்பு ஒரு கட்டத்தில் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. தம்மையே தேடும்படி அவர் பணிக்கப்பட்டார். அவர் எவரையும் கண்டுபிடிக்கவில்லை என்பதில் வியப்பில்லை.

துறை அவரைக் காணாமற்போனதன் காரணம் இன்னும் ஆழமானது. தொண்ணூறுகளின் இறுதியில், துரோகி ஒருவர் இருக்கிறார் என்பது உறுதியாகத் தெரிந்தபோது, எப்.பி.ஐ. தன் அண்டைத் துறையாகிய சி.ஐ.ஏ.வையே உற்றுநோக்கியது. அங்குப் பணியாற்றிய பிரையன் கெல்லி என்னும் குற்றமற்ற அதிகாரி ஐயத்திற்கு ஆளானார். அவர் கண்காணிக்கப்பட்டார், பணியிலிருந்து நீக்கிவைக்கப்பட்டார், அவர் குடும்பத்தாரும் விசாரிக்கப்பட்டனர். ஆனால் 2000 ஆம் ஆண்டில், கே.ஜி.பி.யின் முன்னாள் அலுவலர் ஒருவரிடமிருந்து பெருந்தொகைக்கு வாங்கப்பட்ட கோப்பில் ஓர் ஒலிநாடா இருந்தது. கெல்லியின் குரலை எதிர்பார்த்துக் கேட்டவர்கள், தங்கள் துறையைச் சேர்ந்த ஹான்சனின் குரலைக் கேட்டனர். அதே கோப்போடு வந்த பிளாஸ்டிக் பையில் அவருடைய கைரேகையும் இருந்தது.

எச்சரிக்கை முன்னமே வராமலில்லை. ஹான்சனின் மனைவியின் சகோதரர் எப்.பி.ஐ.யிலேயே பணியாற்றியவர். 1990 இல் அவர் தம் ஐயத்தை மேலதிகாரியிடம் தெரிவித்தார்; அது பொருட்படுத்தப்படவில்லை. இருபத்தைந்து ஆண்டுப் பணியில் ஒருமுறைகூட ஹான்சன் பொய்யறியும் சோதனைக்கு உட்படுத்தப்படவில்லை. ‘நம்மவர்’ என்னும் சொல் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

இங்கு இரண்டு திருமறைக் காட்சிகள் நினைவுக்கு வருகின்றன. ஆகானின் குற்றம் வெளிப்பட்டபோது (யோசுவா 7), கோத்திரம் கோத்திரமாகவும் குடும்பம் குடும்பமாகவும் இஸ்ரயேலர் எல்லாரும் முன்வந்து நிற்க வேண்டியதாயிற்று. சோதனைக்கு விலக்குப் பெற்ற கோத்திரம் ஏதுமில்லை. கடைசி இராவுணவின்போது, தங்களில் ஒருவன் காட்டிக்கொடுப்பான் என்று ஆண்டவர் கூறியதும், சீடர் ஒவ்வொருவரும் தம்மைக் குறித்தே வினவினர் (மத்தேயு 26). அருகிலிருந்தவனைச் சுட்டிக்காட்டியவர் எவருமில்லை என்பது கவனிக்கத்தக்கது. துரோகத்தைப் பற்றிய வினா முதலில் நம்மை நோக்கித் திரும்பாவிடில் அது கெல்லி போன்றோரைக் காயப்படுத்தும். ஹான்சன் போன்றோரைக் காப்பாற்றும். திருச்சபையின் கணக்குகளிலும் தேர்தல்களிலும் தவறு நேரும்போது நாம் முதலில் யாரை நோக்குகிறோம் என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்ப்போமாக.

4. பாவ அறிக்கையும் மலிவான கிருபையும்

திரைக்கதையின் காலத்திற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்று, ஆயர்களாகிய நமக்கு இப்படத்தைக் காட்டிலும் பெரிய பாடமாகும். 1980 ஐ ஒட்டிய காலத்தில், வீட்டின் கீழறையில் ஹான்சன் எதையோ மறைப்பதை அவர் மனைவி கண்டார். சோவியத் நாட்டினரிடம் பணம் பெற்றதை அவர் ஓரளவு ஒப்புக்கொண்டார். மனைவி அவரைக் குரு ஒருவரிடம் அழைத்துச் சென்றார். குருவானவர் முதலில், அதிகாரிகளிடம் சரணடைய வேண்டும் என்றார். மறுநாள் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டு, இனி அதனைச் செய்யாதிருக்கவும், பெற்ற பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கவும் கூறினார். அன்னை தெரேசாவின் அறப்பணிக்குப் பணம் அனுப்புவதென முடிவாயிற்று. இவை மனைவி பின்னாளில் விசாரணையாளரிடம் கூறியவாறு பதிவாகியுள்ள செய்திகள்.

குருவானவரை நாம் எளிதில் குறைகூறலாகாது. இளங்குடும்பம், சிறு பிள்ளைகள், அழுதுகொண்டு முன்னிற்கும் மனைவி. இரக்கமே அவரை மாற்றியிருக்க வேண்டும். எனினும் அவ்விரக்கத்தின் எல்லைக்கு வெளியே ஒருவர் இருந்தார். ஹான்சன் 1979 இல் விற்ற பெயர்களுள் ஒன்று திமித்ரி பொல்யாக்கோவ் என்பது. அவர் சோவியத் இராணுவ உளவுத்துறையின் தளபதி. பல ஆண்டுகள் அமெரிக்கருக்கு உதவியவர். எழுபதுகளில் நம் புதுதில்லியிலும் பணியாற்றியவர். குருவின் அறையில் அப்பேச்சு நடந்தபோது பொல்யாக்கோவ் உயிரோடிருந்தார். அவரை எச்சரிக்கக் காலம் இருந்தது. எவரும் எச்சரிக்கவில்லை. வேறொரு துரோகியாகிய ஆல்டிரிச் ஏம்ஸ் என்பவரும் 1985 இல் அவரைக் காட்டிக்கொடுக்க, 1988 இல் அவர் கொல்லப்பட்டார்.

சகேயு ஏழைகளுக்குக் கொடுப்பதோடு நிறுத்தவில்லை. தான் அநியாயமாய் வாங்கியதை வாங்கப்பட்டவர்களுக்கே நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்த முன்வந்தான் (லூக்கா 19). ஏழைகளுக்கு ஈகை என்பது ஒன்று. பாதிக்கப்பட்டவருக்கு நீதி என்பது மற்றொன்று. முன்னதைக் கொண்டு பின்னதை மூட இயலாது. ஜெர்மானிய இறையியலார் டீட்ரிக் போன்ஹோபர் 1937 இல் வெளியிட்ட நூலில் ‘மலிவான கிருபை’ என்று எதனைக் கண்டித்தாரோ, அதுவே அவ்வறையில் வழங்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் ஹான்சன் மீண்டும் விற்கத் தொடங்கினார்.

இதனை எழுதும்போது என் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகள் என்முன் வந்து நிற்கின்றன. என் சபையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் ஓரிரவு என் வீட்டிற்கு வந்து, இறந்துபோன தம் தம்பியின் நிலத்தைத் தம் பெயருக்கு எழுதிக்கொண்டதாகச் சொல்லி அழுதார். நானும் அழுதேன், அவரோடு முழந்தாளிட்டு ஜெபித்தேன், ஆண்டவர் மன்னிப்பார் என்றேன். தம்பியின் மனைவியிடம் சென்று நிலத்தைத் திருப்பிக் கொடும் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த மாதம் அவர் ஆலயத்திற்கு நான்கு மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்தார். இறக்கைகளில் அவர் பெயர் எழுதப்பட்டிருந்தது. அவ்விதவைத் தாய் ஞாயிறுதோறும் அவற்றின்கீழ் அமர்ந்து பாடினார். நான் மாற்றலாகிச் செல்லும் நாள்வரை அவருக்கு எதுவும் சொல்லவில்லை. பாவ அறிக்கையின் இரகசியத்தைக் காப்பது நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் அறிக்கை செய்தவரின் கையைப் பிடித்து, அவர் யாருக்குத் தீங்கிழைத்தாரோ அவருடைய வாசல்வரை அழைத்துச் செல்வதும் நம் கடமையே. அவ்வாசலை அடையாத ஜெபம், ஹான்சனின் ஜெபத்தைப்போல், ஓரறைக்குள் நின்றுவிடும்.

5. பிடிப்பவரின் பொய்

படத்தின் மற்றொரு பாதி ஓநீலுக்கு உரியது. பொய்யரைப் பிடிக்க அவர் பொய்யராக வேண்டியிருக்கிறது. ஹான்சனின் நம்பிக்கையைப் பெற அவர் கையாளும் கருவிகளுள் ஜெபமும் ஆலயமும் அடங்கும். நண்பனாக ஒருங்கே தேவாலயம் சென்றவனே வஞ்சித்தான் என்னும் புலம்பல் ஐம்பத்தைந்தாம் சங்கீதத்தில் உண்டு. இப்படத்தில் அப்புலம்பலை இருவருமே பாடலாம். ஒருவர் நாட்டை வஞ்சிக்கிறார். மற்றவர் அவரை வஞ்சிக்கிறார். இருவரும் ஒரே இருக்கையில் அமர்ந்து வழிபடுகின்றனர்.

இதன் விலை படத்தில் மறைக்கப்படவில்லை. ஓநீல் தம் மனைவியிடமும் பொய் சொல்ல நேர்கிறது. ஐயம் அவர்கள் இல்லறத்தைக் குலைக்கிறது. மேலதிகாரி கேட் பரோஸ், இப்பணிக்கே தம் வாழ்வைக் கொடுத்துவிட்டு, வீட்டில் ஒரு பூனைகூட இல்லை என்று சொல்லும் இடத்தில், வெற்றி பெறும் தரப்பின் தனிமையையும் காண்கிறோம். ஹான்சன் பிடிபட்ட பின்னர் ஓநீல் அத்துறையிலேயே தொடர விரும்பவில்லை. வாழ்க்கையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. உண்மையான எரிக் ஓநீல் அவ்வாண்டே பணியை விட்டு வழக்கறிஞரானார்.

நன்மைக்காகச் சொல்லப்படும் பொய் பாவமா என்னும் வினா நம் அறவியல் வகுப்புகளில் பழமையானது. எரிகோவின் ராகாபு தொடங்கி அது பேசப்படுகிறது. இதனைத் தம் உயிரையே பணயம் வைத்துச் சிந்தித்தவர் மேலே குறிப்பிட்ட போன்ஹோபரே. 1940 முதல் அவர் ஜெர்மானிய இராணுவ உளவுத்துறையில் பெயரளவில் பணியாளர். உண்மையில் ஹிட்லருக்கு எதிரான மறைவியக்கத்தின் தூதர். 1942 இல் சுவீடன் நாட்டில் ஆங்கிலேயப் பேராயர் ஜார்ஜ் பெல்லைச் சந்தித்து இரகசியச் செய்தி கொடுத்தவர். 1943 ஏப்ரலில் கைதானபின், உண்மை பேசுதல் என்றால் என்ன என்பது குறித்துச் சிறையிலேயே ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார்; அதனை முடிக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

ஹான்சனும் போன்ஹோபரும் இருவருமே இரட்டை வாழ்வு வாழ்ந்தவர்கள், இருவருமே ஜெபித்தவர்கள். வேறுபாடு எங்குள்ளது? போன்ஹோபர் எதற்காக மறைந்து வாழ்ந்தார் என்பது முதல் விடை. இரண்டாவது விடை அதனினும் நுண்ணியது. அவர் தம் செயலைக் குற்றமற்றது என்று சொல்லிக்கொள்ளவில்லை. பிறர்பொருட்டுக் குற்றத்தைச் சுமக்க நேரும்போது அதனைக் கடவுளின் இரக்கத்தின்கீழ்ச் சுமக்க வேண்டும் என்றே கருதினார். அவர் உள்ளத்தில் அறைகளுக்கிடையே கதவு திறந்திருந்தது. செய்த வஞ்சனையும் செய்யும் ஜெபமும் ஒன்றையொன்று கேள்வி கேட்டன. திரைப்படத்தின் ஓநீல் இறையியலார் அல்லர். எனினும் அவர் தம் பொய்யால் துன்புறுகிறார். அத்துன்பமே அவர் மனச்சாட்சி உயிரோடிருப்பதற்குச் சான்று. ஹான்சனிடம் நாம் தேடிக் காணாதது அதுவே.

6. படத்தின் குறை

பாராட்டத்தக்க இப்படத்தில் பெருங்குறை ஒன்று உண்டு. இறந்தவர்களின் முகம் நம் மனத்தில் பதியவில்லை. 1985 அக்டோபரில் ஹான்சன் கே.ஜி.பி.க்கு எழுதிய கடிதத்தில், அமெரிக்கருக்கு உதவிய மூன்று சோவியத் அலுவலரின் பெயர்கள் இருந்தன. அவர்களுள் வலேரி மார்த்தினோவ், செர்கேய் மோத்தோரின் ஆகிய இருவர் 1987 இல் கொல்லப்பட்டனர். போரிஸ் யூழின் என்பவர் சிறைப்பட்டுப் பின்னர் விடுதலை பெற்றார். இவர்களையும் ஏம்ஸ் தனியாகக் காட்டிக்கொடுத்திருந்தார் என்பது ஹான்சனின் பொறுப்பைக் குறைக்காது. படமோ ஹான்சனின் உள்ளத்திலும் ஓநீலின் கலக்கத்திலும் ஆழ்ந்துவிடுவதால், இவர்கள் உரையாடலில் வந்துபோகும் பெயர்களாகவே நின்றுவிடுகின்றனர்.

இது கலைக்குறை மட்டுமன்று, இறையியற்குறையுமாகும். துரோகியின் மனப்போராட்டம் நம்மைக் கவர்ந்திழுக்கும். யூதாசைப் பற்றி எத்தனை நூல்கள்! துரோகத்திற்கு இரையானவரின் வாழ்வு அவ்வாறு கவர்வதில்லை. குருவின் அறையில் பொல்யாக்கோவ் மறக்கப்பட்டதற்கும் திரையில் மார்த்தினோவ் மறக்கப்பட்டதற்கும் வேர் ஒன்றே. பாவியின்மேல் கொண்ட கருணை, பாவத்தால் நொறுங்கியவரைக் காணத் தவறுகிறது. சிலுவையில் அறையுண்டவரை மையமாகக் கொண்ட நம் விசுவாசத்தில் இத்தவறுக்கு இடமிருத்தலாகாது.

7. திறப்பில் நிற்றல்

படத்தின் இறுதிக் காட்சியில், கைதுசெய்யப்பட்ட ஹான்சனும், துறையைவிட்டு வெளியேறும் ஓநீலும் மின்தூக்கியின் வாயிலில் ஒருவரையொருவர் எதிர்கொள்கின்றனர். ஹான்சனின் கண்கள் சிவந்திருக்கின்றன. தமக்காக ஜெபிக்கும்படி அவர் கேட்கிறார். ஓநீல் ஜெபிப்பதாக விடையளிக்கிறார். கதவு மூடுகிறது. படத்தில் எத்தனையோ முறை ஜெபத்தைப் பற்றிப் பேசிய ஹான்சன், பிறரை ஜெபிக்கச் சொல்லி ஏவிய ஹான்சன், இங்கே தமக்கு அது வேண்டும் என்று கேட்கிறார். அவர் அறைகளுக்கிடையே ஒரு சிறு கதவு முதன்முறையாகத் திறந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்லப் படம் முனையவில்லை; நாமும் முனையலாகாது.

படத்தின் பெயராகிய ‘பிரீச்’ என்னும் ஆங்கிலச் சொல், சட்டத்தையும் நம்பிக்கையையும் மீறுதலைக் குறிக்கும். மதிலில் விழுந்த உடைப்பையும் குறிக்கும். பழைய ஆங்கிலத் திருமறையில் நூற்றாறாம் சங்கீதத்தின் 23 ஆம் வசனத்தில் இதே சொல் வருகிறது. பொற்கன்றுக்குட்டியை வணங்கித் துரோகம்செய்த மக்களுக்காக மோசே கடவுளின் முன் நின்ற இடம் அது. நம் திருமறை அதனைத் ‘திறப்பு’ என்கிறது. உடைப்பு எங்கே விழுந்ததோ அங்கேயே மன்றாடுபவரும் நிற்கிறார். மோசே அம்மக்களின் குற்றத்தை மறைக்கவில்லை. கன்றுக்குட்டியைச் சுட்டெரித்துப் பொடியாக்கினார். அதன்பின் மீண்டும் மலையேறி அவர்களுக்காக மன்றாடினார். குற்றத்தை வெளிப்படுத்தியவரே மன்றாடுபவராகவும் இருந்தார். ஓநீல் நின்ற இடமும் இதுவே.

ஆயர்களாகிய நம்முடைய இடமும் இதுவேயன்றி வேறன்று. மன்றாடுவது நமக்கு எளிது, வெளிப்படுத்துவது கடினம். ஆகவே பின்னதை விட்டுவிட்டு முன்னதை மட்டும் செய்கிறோம், மின்விசிறிகளை ஏற்றுக்கொள்கிறோம். ஹான்சன் தம் வாழ்வின் இறுதி இருபத்திரண்டு ஆண்டுகளைச் சிறையறையொன்றில் கழித்தார். அவ்வறையில் அவர் எவ்வாறு ஜெபித்தார் என்பதைக் கடவுள் ஒருவரே அறிவார். 1980 இல் யாரேனும் அவர் கையைப் பிடித்து அந்த இன்னொரு வாசலுக்கு அழைத்துச் சென்றிருந்தால், அச்சிறைவாசம் முன்னமே தொடங்கியிருக்கும். மாஸ்கோவில் ஒருவர் பிழைத்தும் இருக்கலாம். அடுத்த முறை நம் வீட்டுக் கதவை ஒருவர் இரவில் வந்து தட்டும்போது இதனை நினைவுகூர்வோமாக.